ஐந்து நிமிடம் ஓடிய வாள்

இணுவிலில் சோமசேகரம் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் தபால் கந்தோரில் வேலை செய்தார். இன்னொருவர் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தார். மூன்றாவது ஆளைத் தேடி வருகிறவர்கள் பெயரைச் சொல்வதில்லை. “மெசின் வாள் வைச்சிருக்கிறவரின்ரை வீடு எது?” என்றுதான் கேட்பார்கள். நான் எழுதப்போவது அந்த மூன்றாவது ஆளைப் பற்றி. எனக்கு அவர் சோமண்ணை. அவர் செத்தது என் வீட்டு வளவில், என் பனைக்குக் கீழே, என் கண்ணுக்கு முன்னால்.

என் பெயர் தியாகராசா. மருதனார்மடச் சந்திக்குப் பக்கத்தில் இறைப்பு மெசின் திருத்தும் கொட்டில் வைத்திருந்தேன். எனக்குக் கை நல்ல கை, வாய்தான் பொல்லாத வாய் என்று என் மனைவி செல்வநாயகி சொல்வாள். ஒரு மெசினை ஸ்டார்ட் பண்ணும் சத்தத்திலேயே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. மெசின் கொண்டுவருகிறவர் வாயைத் திறந்தால், “நீர் சொல்லாதையும், மெசின் சொல்லட்டும்” என்று அடக்கிவிடுவேன். சனம் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சோமண்ணை ஊருக்கு வந்தது எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில். அதற்கு முன் பதினொரு வருடம் தெற்கே மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்காலையில் வேலை செய்தார். கலவரம் தொடங்கிய அன்று முதலாளி அவரை லொறியில் ஏற்றிப் பலகைகளுக்கு நடுவே படுக்கவைத்து, கையில் பிடிக்கிற ஒரு சாமானை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். உடுப்புப் பெட்டி இருந்தது. புது றேடியோ இருந்தது. சோமண்ணை எடுத்தது பெற்றோலில் ஓடி மரம் அறுக்கிற ஒரு பழைய மெசின் வாளை. மரக்காலையில் பழுதென்று கழித்து எறிந்த வாள் அது. எறிந்த குவியலுக்குள் இருந்து பொறுக்கி, ஒவ்வொரு உறுப்பாகத் தேடிப் பூட்டி, அவரே அதற்கு உயிர் கொடுத்திருந்தார்.

“சனமெல்லாம் நகையோடை ஓடி வந்துது. நான் உதோடை ஓடி வந்தனான்” என்று சொல்லிவிட்டுத் தன்பாட்டில் சிரிப்பார். அவர் நீளமாகக் கதைக்கிற ஆள் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை சொல்தான் என்று பங்கீட்டுக் கடையில் வாங்கி வந்தவர் போல அளந்து கதைப்பார்.

எண்பத்தைந்தில் அருந்ததி அக்காவைக் கட்டினார். கல்யாணம் பேசும்போது அக்காவின் தமையன் நமசிவாயம், மாப்பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாராம். “ஒரு வாள் இருக்கு” என்று இவர் சொன்னாராம். நமசிவாயத்தார் எழும்பிப் போகப் பார்த்திருக்கிறார். உள்ளே நின்ற அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் ஒப்பேறியது. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் மூக்கால் அழுததை நான் ஒரு நாளும் கண்டதில்லை. பனை தறிக்கப் போகும் நாட்களில் சோமண்ணை அதன் குருத்தை வெட்டிச் சாக்கில் கட்டி அக்காவுக்குக் கொண்டுபோவார். நாற்பது வயதைத் தாண்டிய மனுசன் சைக்கிளில் பின்னுக்கு வாளும் முன்னுக்குக் குருத்துமாகப் போவதைக் கண்டு சந்தியில் நிற்கிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். அதிகம் பகிடி பண்ணியது நான்தான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஊரில் செத்த வீடு என்றால் யாரும் கூப்பிடாமலே வாளோடு வந்து நிற்பார். எங்கள் பக்கத்தில் ஆள் செத்தால் அந்த வளவு மாமரம் ஒன்றைத் தறித்துத்தான் விறகாக்குவார்கள். அதைச் சோமண்ணை அறுத்துக் கொடுப்பார். ஒரு சதம் வாங்க மாட்டார், ஒரு சொல் சொல்ல மாட்டார், கிணற்றடியில் காலைக் கழுவிவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஐயா செத்தபோதும் அவர்தான் அறுத்தார்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் திரும்பச் சண்டை தொடங்கியது. பொம்மர் வந்து குண்டு போடப் போட வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டினார்கள். குழியை யாரும் வெட்டலாம். மேலே மூடுவதற்குப் பனங்குத்தி வேண்டும். கோடரியால் ஒரு பனையைத் தறித்துத் துண்டு போட இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. சோமண்ணைக்கு அரை மணித்தியாலம். இணுவில், சுன்னாகம், உடுவில் என்று அவருக்கு ஓய்வே இல்லை. எத்தனை குடும்பம் அவர் அறுத்த குத்திகளுக்குக் கீழே உயிரோடு இருந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வாளுக்குக் குடிக்கக் கொடுப்பதுதான் பெரிய பாடு. வடக்குக்குச் சாமான் அனுப்பத் தடை வந்தபின் பெற்றோல் என்பது சின்ன மருந்துப் போத்தலில் காணும் பொருள். மூன்று பங்கு மண்ணெண்ணெய்க்கு ஒரு பங்கு பெற்றோல் கலந்து, விடவேண்டிய ஒயில் இல்லாததால் தேங்காய் எண்ணெய் விட்டு ஓட்டினார். வாள் புகைத்தால் தெரு முழுக்க வடை சுடுகிற வாசம் வரும். “சோமண்ணை, மரம் அறுக்கிறியளோ, பலகாரம் சுடுகிறியளோ?” என்று கேட்பேன். “ரெண்டுந்தான். தட்டைக் கொண்டு வா” என்பார்.

அந்தக் காலத்தில் எண்ணெய்க்கு அடுத்தபடி கிடைக்காத சாமான் சவர்க்காரம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். அருந்ததி அக்காவுக்கு மட்டும் நமசிவாயத்தார் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போய் வந்தபோது நாலு சிவப்புச் சவர்க்காரம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அக்கா அவற்றைக் கத்தியால் சீவல் சீவலாக வெட்டி, பிஸ்கற் தகரப் பேணிக்குள் பூட்டி வைத்திருந்தார். சோமண்ணை வேலை முடிந்து வந்தால் கை கழுவ ஒரு சீவல். “கழுவிப்போட்டு மூண்டு தரம் மணந்து பார்ப்பன்” என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். அது அவருக்கு ஒரு நாள் முழுவதற்குமான பேச்சு.

சவர்க்காரத்துக்கு எங்களிடம் இன்னொரு வேலையும் இருந்தது. எண்ணெய்த் தாங்கியில் வெடிப்பு விழுந்து ஒழுகினால் ஒட்ட ஒன்றும் இல்லை. ஈரச் சவர்க்காரத்தை அழுத்தி அப்பினால் பெற்றோலும் மண்ணெண்ணெயும் அதைக் கரைக்காது, ஒழுக்கு நின்றுவிடும். அருந்ததி அக்கா வீட்டு இறைப்பு மெசினுக்கு நானே ஒரு முறை அப்பிவிட்டேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். “ஒரு சொட்டும் வீணாப் போகாது அக்கா. எப்பிடி என்ரை வித்தை?” என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன்.

தொண்ணூற்றிரண்டு ஆனிக் கடைசியில் சோமண்ணை வாளைத் தூக்கிக்கொண்டு என் கொட்டிலுக்கு வந்தார்.

“தியாகு, உது நிக்குது” என்றார்.

“ஸ்டார்ட் வருதோ?”

“ஓம். அஞ்சு நிமிசம் நல்லா ஓடும். பேந்து இரைஞ்சு இரைஞ்சு நிண்டிடும். கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் கயித்தை இழுத்தால் திரும்ப ஓடும். திரும்ப அஞ்சு நிமிசம்.”

பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்து எண்ணெய் வடிந்தது. மண்ணெண்ணெய் குடிக்கிற மெசினுக்கு அது வழமை. கம்பித் தூரிகையால் தேய்த்து, நெருப்பில் காய்ச்சி, திரும்பப் பூட்டினேன். வாளை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். எண்ணெய் அருமை என்பதால் தாங்கியை நிரப்புவதில்லை. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, போத்தலில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று கண்ணால் பார்த்தபடியே ஓட்டுவது என் முறை. கால் மணித்தியாலம் ஓடியது. ஒரு இருமல் இல்லை.

“கொண்டு போங்கோ. பிளக்தான்” என்றேன்.

நாலாம் நாள் திரும்ப வந்தார். இந்த முறை காபுரேட்டரைக் குலைத்தேன். எண்ணெய் வடிகட்டியைக் கழுவினேன். காற்று வடிகட்டியில் இருந்த மரத்தூளைத் தட்டினேன். சைலன்சரைக் கழற்றி உள்ளே கட்டியாய் இருந்த கரியைச் சுரண்டினேன். அரை நாள் வேலை. பிறகு அதே மேசை, அதே போத்தல், மூடி கழற்றி அதே இடத்தில். வாள் பாடியது.

சோமண்ணை சொன்னார்: “உன்னட்டை வந்தால் நல்ல பிள்ளை. மரத்தைக் கண்டால் மூச்சுப் பிடிக்குது.”

“அதுக்கு என்னிலை விருப்பம் அண்ணை. என்னோடை விட்டிட்டுப் போங்கோ” என்றேன்.

மூன்றாம் முறை அவர் வந்தபோது என் கொட்டிலில் ஐந்து இறைப்பு மெசின்கள் குலைந்து கிடந்தன. வெயில் காலம், புகையிலைத் தோட்டக்காரர்கள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சோமண்ணை ஓரமாக நின்று, நான் நிமிரும்வரை காத்திருந்து சொன்னார்:

“தியாகு, ஒண்டு கவனிச்சனான். அது நிண்ட உடனை மூடியைத் திறந்தால் உஸ்ஸெண்டு ஒரு சத்தம் வருது.”

“வெயிலுக்கை வைச்சால் எந்தத் தாங்கியும் உஸ்ஸெண்டுந்தான். நீங்கள் மரத்தைப் பாருங்கோ அண்ணை, மெசினை நான் பார்க்கிறன்.”

அவர் சிரித்தார். “சரி. நீ பார்” என்று சொல்லிவிட்டு வாளை வைத்துவிட்டுப் போனார்.

காற்று வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா என்று ஒரு கேள்வி. அதை நான் கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. முதல் நாள் வேலை பழகுகிறவன்கூடக் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை, ஏனென்றால் நான் தியாகராசா, எனக்கு எல்லாம் தெரியும். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று முடிவுகட்டி, அவர் பின்னேரம் வாளை எடுக்க வந்தபோது எண்ணெயைச் சீலையில் வடித்துக் கொடுத்தேன்.

என் வீட்டிலும் பங்கர் பாதி வெட்டினபடி கிடந்தது. செல்வநாயகி ஊருக்கெல்லாம் குத்தி கிடைக்கிறது எங்களுக்கு இல்லை என்று தினமும் முணுமுணுத்தாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வளவுப் பனையைச் சோமண்ணை அறுக்கட்டும், நான் பக்கத்தில் நிற்பேன், வாள் நிற்கும்போது நேரிலே பார்த்துக் குறையைப் பிடித்துவிடுவேன். அந்தப் பின்னேரமே அவரிடம் சொன்னேன்.

“ஆடி மாசம் தியாகு. சோளகம் அடிக்குது. காத்து அடங்கட்டுமன்” என்றார்.

“நாளைக்குக் காலமை வெள்ளன வாங்கோ. காத்து எழும்ப முந்தி முடிச்சுப் போடலாம்.”

அவர் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுசன். வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பனையில் ஒரு கையை வைத்து, அண்ணாந்து உச்சியில் உள்ள ஓலை வட்டைப் பார்த்தார். விழவேண்டிய பக்கத்தில் வாய் வெட்டினார். மேலே கட்டிய கயிற்றை நானும் பக்கத்து வீட்டு முருகேசுவும் தூரத்தில் நின்று பிடித்துக்கொண்டோம். பிறகு அவர் சுற்றி வந்து பின்பக்கம் அறுக்கத் தொடங்கினார். தூள் பறந்தது. வடை வாசம் வந்தது. நான் மனதுக்குள் நிமிடத்தை எண்ணினேன்.

முக்கால்வாசி அறுத்தபோது வாள் இரைந்தது, இன்னும் கூட இரைந்தது, நின்றது.

அரைகுறையாக அறுத்த மரம் கிடக்கிற மரத்தைவிடவும் நிற்கிற மரத்தைவிடவும் பொல்லாதது. அந்த நேரம் பார்த்துச் சோளகம் எழும்பியது. வட்டைப் பிடித்து எங்களுக்கு எதிர்ப்பக்கம் தள்ளியது. மரம் ஒரு விரல்கடை பின்னுக்குச் சரிந்து, வாளைக் கவ்விக்கொண்டது. வாளை விட்டுவிட்டு அவர் விலகியிருக்கலாம். நேரம் இருந்தது. நான் என்ன கத்தினேன் தெரியுமா? “இழுங்கோ அண்ணை! ஒருக்கால் இழுங்கோ, ஸ்டார்ட் வரும்!” என்று கத்தினேன். அவர் என் சொல்லைக் கேட்டார். ஒருமுறை இழுத்தார், இரண்டு முறை, மூன்று முறை. பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, “விட்டிட்டு வாங்கோ” என்று கத்தினேன். முருகேசுவும் கத்தினான். எங்கள் கையில் இருந்த கயிறு இழுபட்டு அறுந்தது. மரம் அடியில் முறுகித் திரும்பி அவர் பக்கம் சாய்ந்தது. சோமண்ணை வாளின் பிடியில் இருந்து கையை எடுக்கவில்லை.

தூக்கிக்கொண்டு போக வண்டில் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. விழுந்த பனையின் வட்டில் குருத்து அப்படியே கிடந்தது. அதை எடுத்து அக்காவுக்குக் கொண்டுபோக யாருக்கும் கை வரவில்லை.

மறுநாள் செத்த வீடு. பொம்மர் சுற்றித் திரிந்ததால் மத்தியானத்துக்கு முன் எடுக்கவேண்டும் என்றார்கள். சோமண்ணை வளவில் கிணற்றடிக்குப் பின்னால் ஒரு மாமரம் நின்றது. விறகுக்குக் கோடரியோடு இரண்டு பேர் வந்தார்கள். எனக்கு அது மனம் ஏற்கவில்லை. ஊரில் எத்தனை பேருக்கு அறுத்த வாள், அவருக்கும் அதுதான் அறுக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். வாளின் பிடி உடைந்திருந்தது, மற்றப்படி ஒன்றுமில்லை. நானே எடுத்தேன்.

ஸ்டார்ட் வந்தது. மாமரத்தின் அடியில் வைத்தேன். சரியாக ஐந்து நிமிடத்தில் இரைந்து நின்றது. எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினேன். இறுகிக் கிடந்தது. பலம் கொடுத்துத் திருகியபோது, உஸ்ஸென்று சத்தம் வந்தது. என் உள்ளங்கை மூடியின் ஓரத்தில் இருந்தது. காற்று வெளியே வரவில்லை. என் கையைத் தடவிக்கொண்டு உள்ளே போனது.

தகரத்தில் அடைத்த ரின்பாலில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் பால் வராது. இரண்டாவது துளை போட்டுக் காற்று உள்ளே போனால்தான் வரும். வாளின் தாங்கியும் அப்படித்தான். அதற்காகவே மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை விட்டிருப்பார்கள். நான் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். துளை இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பாக ஒன்று இருந்தது. நகத்தால் கிளறினேன். மணந்து பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் பார்த்தேன். அந்தச் சவர்க்காரம் ஊரில் ஒரு வீட்டில்தான் இருந்தது.

வெடிப்பை அடைக்கலாம், மூடியின் துளையை அடைக்கக் கூடாது. இது அக்காவுக்கு எப்படித் தெரியும்? வாளைச் சாய்த்து வைத்தால் அந்தத் துளையால் ஒரு துளி கசியும். ஒரு துளிகூட வீணாகக் கூடாது என்று புருசன் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு முழுச் சீவலை, தன் முகத்துக்குப் போடாமல் வைத்திருந்ததை, எடுத்து அடைத்திருக்கிறார். அந்த வித்தையை அவருக்குக் காட்டிக் கொடுத்தது நான். என் மேசையில் மூடி எப்போதும் கழன்றுதான் கிடந்தது. அதனால்தான் வாள் என்னிடம் நல்ல பிள்ளையாக இருந்தது.

சவர்க்காரத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். துளையை ஊசியால் துப்புரவாக்கி, மூடியைப் பூட்டி, இழுத்தேன். வாள் ஓடியது. மாமரத்தை அறுத்து விழுத்தி, துண்டு துண்டாக்கி முடியும்வரை நிற்கவே இல்லை. நான் அழுதுகொண்டே அறுத்தேன். புகை என்று சனம் நினைத்திருக்கும்.

வாளை வைத்தபோது நமசிவாயத்தார் வந்து முன்னால் நின்றார்.

“இப்ப மட்டும் ஓடுது. என்ன பிழை அதிலை?”

நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். உள்ளே ஒப்பாரிச் சத்தம் அடங்கியிருந்தது. நான் ஒரு பேச்சில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சு அந்த வீட்டுக்குள் போயிருக்கும். தாலி கழற்றாத பெண்ணிடம் போய், உன் புருசனைக் கொன்றது உன் கை என்று சொல்லியிருக்கும்.

“காபுரேட்டரிலை ஒரு தகட்டை மாறிப் பூட்டிப்போட்டன்” என்றேன். “என்ரை பிழை.”

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும். “போ. உந்தப் படலையாலை வெளியாலை போ” என்றார். நான் போனேன். சுடலைக்கும் போகவில்லை.

பிறகு மூன்று வருடம். என்னிடம் மெசின் கொண்டுவருகிறவர்கள் குறைந்தார்கள். ‘ஆளைக் கொன்ற மெக்கானிக்’ என்று சந்தியில் பெயர் விழுந்தது. செல்வநாயகிக்கும் நான் சொல்லவில்லை. அதெல்லாம் தாங்கலாம். அருந்ததி அக்கா என்னோடு கதைக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. தெருவில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு மற்றப் பக்கம் மாறிவிடுவார். கோயிலில் கண்டால் கும்பிட்டபடியே நின்று, நான் போனபிறகுதான் கண்ணைத் திறப்பார். என் மேல் அவருக்கு இருந்த கோபம் நியாயம் என்று நினைத்தேன். அந்தக் கோபம் இருக்கும்வரை அவர் தன்னைத் தானே ஒன்றும் கேட்க மாட்டார் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி, கொட்டுகிற மழையில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. நாங்கள் போய்ச் சேர்ந்தது மீசாலையில் ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறைக்கு எட்டுக் குடும்பம். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ நிவாரணம் கொடுக்க வந்தார்கள். ஆளுக்கு ஒரு பாய், குடும்பத்துக்கு ஒரு சவர்க்காரம். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பியபோதுதான் அருந்ததி அக்கா என்று கண்டேன். மெலிந்து, அரைவாசியாகப் போயிருந்தார். எப்போதும் போல முகத்தைத் திருப்புவார் என்று நான் காலைப் பின்னுக்கு எடுத்தேன்.

அவருடைய முறை வந்தது. பாயை வாங்கினார். சவர்க்காரத்தை நீட்டியபோது கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

“எனக்கு வேண்டாம்.”

“எல்லாருக்கும் குடுக்கிறது அம்மா. பிடியுங்கோ” என்று கொடுக்கிறவர் அவர் கைக்குள் வைத்துவிட்டார். அது சிவப்புக்கூட இல்லை, வெள்ளை. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வரிசையை விட்டு இறங்கி என்னைப் பார்த்தார்.

“தியாகு, இஞ்சாலை வாரும்.”

மூன்று வருடத்தில் முதல் சொல். நான் வரிசையை விட்டு அவருக்குப் பின்னால் விறாந்தை மூலைக்குப் போனேன்.

“நீர் மூடியிலை இருந்ததை எடுத்துப் போட்டனீர்தானே?” என்று கேட்டார்.

“எதை அக்கா?”

“உமக்குப் பொய் சொல்லத் தெரியாது. காபுரேட்டர் எண்டு சொன்ன அண்டைக்கே தெரியும்.”

அக்கா கையில் இருந்த சவர்க்காரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“அண்டைக்கு அவரின்ரை தலைமாட்டிலை இருந்தனான். வாள் ஸ்டார்ட் பண்ணினது கேட்டுது. அஞ்சு நிமிசத்திலை நிண்டுது. சரி, அவரின்ரை வாள்தானே எண்டு இருந்தன். திரும்ப ஸ்டார்ட் பண்ணினீர். இப்ப நிக்கும், இப்ப நிக்கும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். ஒப்பாரி வைச்ச சனத்தைச் சத்தம் போடாதையுங்கோ எண்டு சொன்னனான். நிக்கேல்லை தியாகு. அது நிக்கவே இல்லை.”

மழை கூரையில் அடித்தது. மூன்று வருடமாக நான் மூடி வைத்திருந்ததாக நினைத்தது அவர் மடியில்தான் கிடந்திருக்கிறது. அவர் என்னைக் கண்டு விலகியது கோபத்தில் அல்ல. தெரிந்த ஒரே ஆளின் முகத்தைப் பார்க்க முடியாமல்.

“அக்கா, பிழை என்னிலைதான். உஸ்ஸெண்டு சத்தம் வருது எண்டு அண்ணை எனக்குச் சொன்னவர். நான் காது குடுக்கேல்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டிருந்தால் அண்டைக்கே பிடிச்சிருப்பன். மரத்தடியிலையும், இழுங்கோ எண்டு கத்தினது நான்தான்.”

“எனக்கும் சொன்னவர்” என்றார் அக்கா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“உம்மட்டைப் போயிட்டு வந்து, சாப்பிடேக்கை சொன்னவர். மூடி உஸ்ஸெண்டுது, தியாகு அது ஒண்டுமில்லை எண்டிட்டான் எண்டு. எனக்கு நெஞ்சு திடுக்கெண்டுது. நான் சவர்க்காரம் வைச்ச கிழமைதான் அது நிக்கத் தொடங்கினது. வாய் வரைக்கும் வந்திட்டுது தியாகு. கேட்காமல் அவரின்ரை வாளைத் தொட்டதுக்கு ஏசுவாரோ எண்டு பயந்து விழுங்கிப் போட்டன். விடிய எழும்பிச் சொல்லுவம் எண்டு நினைச்சன். விடிய அவர் உம்மடை பனையைத் தறிக்க வெளிக்கிட்டிட்டார்.”

சவர்க்காரத்தை என் கையில் வைத்தார். பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முற்றத்து மழைக்குள் இறங்கியவர், இரண்டு அடி போய்த் திரும்பி நின்றார்.

“ஏசியிருக்க மாட்டார் தியாகு” என்றார். “ஏழு வருசம். ஒரு நாளும் என்னை ஏசினதில்லை அவர்.”